250ஆம் இலக்க பஸ்ஸில் பெட்டிகோம்ப் குடும்ப ஒன்றுகூடலுக்கு

போன மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை, நானும் மனைவி மல்லிகாவும் எங்களுக்கு எந்த வகையிலும் சொந்தமில்லாத ஒரு குடும்பத்தின் ஒன்றுகூடலுக்குப் போய்வந்தோம். ஜமெய்க்காவில் கரும்புத் தோட்டமும் அதில் அடிமைகளும் வைத்திருந்த ஓர் ஆங்கிலேயத் துரையின் வாரிசுகள் மத்திய லண்டனில், மேரிலபோன் பகுதியில், ஒரு தேவாலய மண்டபத்தில் கூடினார்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற எனக்கும் கரும்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். பக்கத்து வீடுதான் தொடர்பு.

தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் இருப்பவர் டெஸ்மண்ட் அண்ணை. வயது அறுபத்தெட்டு. முப்பத்தொரு வருடம் லண்டனில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தாய் தகப்பன் ஜமெய்க்காவிலிருந்து வந்தவர்கள், இவர் பிறந்தது பிரிக்ஸ்டனில். முழுப்பெயர் டெஸ்மண்ட் பெட்டிகோம்ப். மல்லிகா இன்றுவரை 'பெட்டிக்கொம்பு' என்றுதான் சொல்லுகிறாள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறார்.

மார்ச் மாதம் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. 'அன்பான உறவினரே' என்று தொடங்கியது. பெட்டிகோம்ப் என்பது அரிய குடும்பப் பெயராம். அந்தப் பெயரில் தேடக் கிடைத்த எல்லா முகவரிகளுக்கும் மார்கரெட் என்ற ஒரு பெண்மணி எழுதியிருந்தார். மதிய உணவு ஆளுக்குப் பன்னிரண்டு பவுண், விருந்தினரையும் அழைத்து வரலாம். டெஸ்மண்ட் அண்ணையின் மகள் கடிதத்தை வாசித்துவிட்டு, "நீங்கள் கறுப்பர் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது அப்பா, போகாதீர்கள்" என்று சொல்லிவிட்டாள். அவர் கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் பேசுவது ஆங்கிலம். நான் தமிழில் எழுதும்போது அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வருகிறது. எனக்கு வாய்த்தது அது ஒன்றுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"நேசன், உங்கட ஊர் ஆக்கள் வருசாவருசம் ஒண்டுகூடுறனீங்கள்தானே. இதிலை உமக்குப் பழக்கம் இருக்கு. நீரும் மல்லிகாவும் வாங்கோவன்."

"என்னத்துக்கு அண்ணை போறியள்? சோத்துக்கோ?"

அவர் சிரிக்கவில்லை. தகப்பனிடம் ஒரு பழைய பைபிள் இருந்ததாம். அதன் முதல் பக்கத்தில் 'தோமஸ், ஃபிபாவின் மகன்' என்று எழுதியிருக்கும். அதுதான் குடும்பத்தின் முதல் வரி. அந்த ஃபிபா 'பேஷன்ஸ்' என்ற தோட்டத்தில் அடிமையாக இருந்தவள், யாரோ ஒரு வெள்ளைக்காரனின் கையைக் கடித்தவள் என்று ஒரு கதை தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது.

"அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பொய்யோ மெய்யோ தெரியாது. அப்பிடி ஒரு மனிசி இருந்தவளோ எண்டு பாக்கோணும். வேறை ஒண்டுமில்லை."

பேஷன்ஸ் என்றால் பொறுமை. தோட்டத்துக்குப் பொறுமை என்று பெயர் வைத்தவர் யாருடைய பொறுமையை நினைத்தாரோ தெரியாது.

சனிக்கிழமை காலை 8.40க்கு தோர்ண்டன் ஹீத் ஹை ஸ்ட்ரீட்டில் 250ஆம் இலக்க பஸ் எடுத்தோம். பிரிக்ஸ்டன் வரை கிட்டத்தட்ட ஐந்தரை மைல். எங்களுக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது. கட்டணம் ஒரு பவுண் எழுபத்தைந்து பென்ஸ். ரயிலில் போனால் விரைவு. ஆனால் டெஸ்மண்ட் அண்ணை பஸ் என்று அடம்பிடித்தார். அவருக்குப் பஸ் இலவசம், அதோடு முன் இருக்கையில் இருந்துகொண்டு ஓட்டுநரைக் குறை சொல்வதும் இலவசம். "பிரேக் பிடிக்கிறதைப் பாரும், மாட்டை மறிக்கிற மாதிரி" என்று ஸ்ட்ரெத்தம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் போடுகிற கறுப்புக் கோட்டு அணிந்திருந்தார். இது எந்த வகை என்று தெரியாததால் இரண்டு கழுத்துப்பட்டிகள் கொண்டுவந்தாராம்.

மல்லிகாவின் மடியில் ஒரு பெரிய அலுமினியத் தட்டு. அதில் நாற்பது மட்டன் ரோல்ஸ். வெறுங்கையோடு ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போக மாட்டேன் என்று விட்டாள். பஸ்ஸின் கீழ்த்தளம் முழுக்க மணம். இரண்டு பேர் விலை கேட்டார்கள்.

பிரிக்ஸ்டனில் விக்டோரியா லைன் சுரங்க ரயில் எடுத்து ஒக்ஸ்போர்ட் சேர்க்கசில் இறங்கினோம். பதின்மூன்று நிமிடம். சனி, ஞாயிறு முழுநாளும் குறைந்த கட்டணம்தான், எங்களுக்கு ஆளுக்கு இரண்டு பவுண் தொண்ணூறு கழிந்தது. கட்டணங்கள் அடிக்கடி மாறும், போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து நடை, முக்கால் மைல். சூடான தட்டோடு நடப்பவர்கள் இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

10.25க்குத் தேவாலயத்தில் நின்றோம். மண்டபம் பதினொரு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தோம். இடப்பக்கச் சுவரில் வெள்ளைப் பளிங்கில் எட்மண்ட் பெட்டிகோம்ப் துரையின் நினைவுக்கல். ஒரு தேவதை குடம் ஒன்றைக் கட்டிப்பிடித்து அழுகிறது. கீழே, 'அன்பான கணவர், கருணை மிக்க எசமான், தம்மிடம் இருந்தோர் அனைவராலும் நேசிக்கப்பட்டவர்' என்று வெட்டியிருந்தது.

டெஸ்மண்ட் அண்ணை கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"அனைவராலும் எண்டு போட்டிருக்கு. கேட்டுப் பாத்தவையோ?"

சரியாகப் பதினொரு மணிக்கு மண்டபக் கதவு திறந்தது. எங்கள் ஊர் ஒன்றுகூடலில் பதினொரு மணி என்றால் மண்டபத்தின் சாவியைத் தேடி ஒருவர் ஈஸ்ட்ஹாமுக்குப் புறப்படும் நேரம். மல்லிகாவின் கையில் தட்டைக் கண்டதும் வாசலில் நின்ற இளம்பெண், "உணவு கொண்டுவருபவர்கள் பின்வாசலால்" என்று அன்பாக வழி காட்டினாள். நாங்களும் ஒழுங்காகப் பின்வாசலால் போனோம். குசினியில் ஒருவர் தட்டை வாங்கி வைத்து, மிச்சத்தை எப்போது இறக்குவீர்கள் என்று கேட்டார். "இவ்வளவுதாங்க, நாங்க விருந்தாளிங்க" என்று மல்லிகா தமிழில் சொன்னதை நான் மொழிபெயர்த்ததும் அந்த மனிதரின் முகம் சிவந்தது. அதன் பிறகு நாங்கள் திரும்பும் வரை எங்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

மார்கரெட் அம்மா எழுபது வயதுக்கு மேற்பட்டவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, ஒல்லியான உடம்பு. நாங்கள் குசினியிலிருந்து மண்டபத்துக்குள் வரும்போது, முன்வாசலால் தனியாக வந்த டெஸ்மண்ட் அண்ணையைக் கண்டு கையை நீட்டினார். அவர் பெயரைச் சொன்னதும் நீட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. பிறகு இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் வருவீர்கள் என்று நான் நினைக்கவேயில்லை. உங்களைப் போல ஒருவர் வர வேண்டும் என்றுதான் எழுதினேன். எழுதிவிட்டு வந்துவிடுவார்களோ என்று பயந்தேன்."

சொல்லி முடிக்குமுன் அழத் தொடங்கிவிட்டார். டெஸ்மண்ட் அண்ணை கோட்டுப் பைக்குள் கைவிட்டுக் கைக்குட்டை தேடினார். வந்தது இரண்டாவது கழுத்துப்பட்டி. அந்த அம்மா அதிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மல்லிகா என் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, அடிச்சவங்க வீட்டுப் புள்ளைய அடி வாங்குனவங்க வீட்டு ஆளு தேத்துறாரு பாருங்க."

பெயர் ஒட்டிகள் முன்கூட்டியே அச்சடிக்கப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் பெட்டிகோம்ப் என்று இருந்தது, முதற்பெயரை மட்டும் எழுத வேண்டும். ஆகவே அன்று நான் நேசன் பெட்டிகோம்ப். எனக்கு இது புதிதல்ல. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? விசாப் படிவத்தில் கட்டம் வெறுமையாக இருக்கிறதே என்று அப்பாவின் பெயரை எழுதினேன். இப்போது பல் வைத்தியரான என் மகளை நோயாளிகள் டொக்டர் கந்தையா என்று கூப்பிடுகிறார்கள். அப்பா பல் வைத்தியரைக் கண்டாலே ஓடுகிற மனிதர்.

ஐம்பது பேர் வரை இருந்தார்கள். வெள்ளரிக்காய் சாண்ட்விச், முட்டை சாண்ட்விச், பின்னால் வந்த உப்புக் குறைந்த ஒரு சூப். ரோல்ஸ் பதினைந்து நிமிடத்தில் முடிந்தது. ஒரு முதியவர் மூன்றாவது ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு மல்லிகாவின் ஒட்டியை உற்றுப் பார்த்து, "நீங்கள் எந்தக் கிளை?" என்று கேட்டார்.

"சிலோன்" என்றாள் மல்லிகா, பகிடியாக.

"ஆ, சிலோன்காரர்கள்! வாருங்கள், வாருங்கள்."

அவர் எங்களைச் சுவரோரம் கூட்டிப் போனார். சுவர்த்தாள் உருளையின் பின்பக்கத்தில் மார்கரெட் அம்மா எழுதிய குடும்ப மரம், பத்து அடி நீளத்துக்குத் தொங்கியது. மெழுகுதிரி செய்பவரின் மகனாகப் பிறந்த எட்மண்ட் ஜமெய்க்காவுக்கு எழுத்தராகப் போகிறார். தோட்டம் வைத்திருந்த ஒரு விதவையை மணக்கிறார். ஆறு வருடத்தில் லண்டன் திரும்பி இதே மேரிலபோனில் வீடு வாங்குகிறார். அதன் பிறகு சாகும்வரை தோட்டத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. சர்க்கரை கப்பலில் வந்துகொண்டிருந்தது, இவர் தேநீரில் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பதினொருவர். அடிமை முறை ஒழிந்த பிறகு கடைசி மகன் காப்பி பயிரிட ஒரு தீவுக்குப் போகிறான். அந்த மகனுடைய மகன் அங்கே தேயிலைக்கு மாறுகிறான். தீவின் பெயர் சிலோன். இடம் டிக்கோயா.

மல்லிகாவின் சிரிப்பு நின்றது. அவள் பிறந்தது ஹட்டனில். அவளுடைய தாய், தாயின் தாய் எல்லோரும் கொழுந்து பறித்தவர்கள்.

"எங்க தோட்டத்துக்கு அடுத்த மலைங்க இது."

மரத்தின் பக்கத்தில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. பங்களாப் படிகள். நடுவில் கதிரையில் துரை. காலடியில் நாய். வலப்பக்கம் தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் குடையுமாகக் கதிரையில் ஒருவர். பின்னால் நாற்பது ஐம்பது பேர் நிற்கிறார்கள், பெண்களின் முதுகில் கூடை. கீழே குறிப்பு: 'திரு. ஹென்றி பெட்டிகோம்ப், சார்லி, யாழ்ப்பாணத்து கிளாக்கர், மற்றும் கூலிகள்.' சார்லி என்பது நாய்.

நான் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. என் அப்பாவின் பாட்டனார் மலைநாட்டில் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்தவர். கல்யாணமான இருபத்தொன்பது வருடங்களில் இதை நான் வீட்டில் பெருமையாகச் சொல்லாத பொங்கல் இல்லை. துரைக்கு வலது கை, குதிரையில் போனவர், வேலைக்கு வந்தவர்களின் பேர் பதிகிற அதிகாரம் அவர் கையில் இருந்தது என்றெல்லாம் சொல்வேன். மல்லிகா வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

இப்போது அவள் படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"இவரு உங்க ஆளா?"

"யாழ்ப்பாணத்திலையிருந்து ஆயிரம் கிளாக்கர்மார் போனவை மல்லிகா."

"மூக்கு அப்படியே இருக்குதே."

நான் என்னையறியாமல் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவர் என் பூட்டனா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். வேறொருவர் வீட்டு அழுக்கை வேடிக்கை பார்க்க வந்தவன் நான். அந்தப் படத்தில் உட்கார இடம் கிடைத்த மூன்று பேரில், நாயையும் சேர்த்து, எங்கள் ஆளும் ஒருவர்.

அப்போது மேடைப் பக்கமிருந்து டெஸ்மண்ட் அண்ணை, "நேசன்!" என்று கூப்பிட்டார். சாதாரணமாகக் கூப்பிடும் குரல் அல்ல.

ஒரு மேசையில் தோல் அட்டை போட்ட மெல்லிய புத்தகம் விரித்திருந்தது. மார்கரெட் அம்மாவின் தகப்பனார் வீட்டுப் பரணில் இருந்து வந்ததாம். பேஷன்ஸ் தோட்டத்தில் இருந்த அடிமைகளின் பட்டியல். பெயர், வயது, வேலை, குணம் என்று நான்கு பத்தி. டெஸ்மண்ட் அண்ணையின் விரல் ஒரு வரியின் மேல் தொடாமல் நின்றது.

'ஃபிபா. இருபத்திரண்டு. வயல். பலசாலி. கடிப்பாள்.'

அதற்குக் கீழே, 'தோமஸ். அவள் மகன். ஒரு வயது. கலப்பு.'

அவர் முதலில் சிரித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். "அப்பா, அவள் கடிச்சவள்தான்! எழுதி வைச்சிருக்கிறாங்கள்!" என்று இறந்துபோன தகப்பனிடம் சொன்னார். அடுத்த வரியை வாசித்ததும் சிரிப்பு அடங்கியது. கலப்பு என்றால் குழந்தையின் தகப்பன் வெள்ளைக்காரன். அவள் ஏன் கடித்தாள் என்று ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மல்லிகா மெதுவாகச் சொன்னாள். "உங்க ஆளுங்களுக்குப் பேராவது எழுதியிருக்காங்கண்ணே. எங்க ஆளுங்க வெறும் கூலிங்க." நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

"காசு குடுத்து வாங்கின சாமான், மல்லிகா" என்றார் அவர். "துலையக் கூடாது எண்டு எழுதினவங்கள்."

12.45க்குச் சூப் பரிமாறினார்கள். மார்கரெட் அம்மா எழுந்து, தூரத்து உறவினர் ஒருவர் இரண்டு வார்த்தை பேசுவார் என்றார். டெஸ்மண்ட் அண்ணை புத்தகத்தோடு எழுந்தார்.

"எனக்குப் பேச்சுப் பேசத் தெரியாது. முப்பத்தொரு வருசம் பஸ் தரிப்பிடங்களின்ர பேரைத்தான் பாத்துக்கொண்டு ஓடினனான். இதிலையும் கொஞ்சப் பேர் கிடக்கு, வாசிக்கிறன்."

வாசிக்கத் தொடங்கினார். குவாஷி, நாற்பது, கொல்லன். கியூபா, முப்பத்தொன்று, வயல். லண்டன், ஐம்பது, காவல்காரன். சில அடிமைகளுக்கு ஆபிரிக்கப் பெயர், சிலருக்கு எசமான்கள் தங்கள் ஊர்ப் பெயர்களை வைப்பார்களாம். லண்டனைக் காணாத ஒரு லண்டன். மூன்றாவது நிமிடத்தில் ரூபர்ட் என்ற உறவினர், சிவப்புக் காற்சட்டை போட்டவர், தொண்டையைச் செருமினார்.

"மன்னிக்க வேண்டும், சூப் ஆறுகிறது. இது இன்னும் நிறைய இருக்கிறதா?"

"அறுபத்துமூண்டு பேர், ஐயா. இப்ப பத்தொன்பதாவது. இறங்கிற ஆக்கள் இறங்கலாம்."

ரூபர்ட்டும் இன்னும் நான்கு பேரும் எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள் இருந்தார்கள். முப்பதாவது பெயரளவில் கரண்டிச் சத்தம் நின்றது. ரோல்ஸ் முதியவர் எழுந்து நின்றார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் நின்றார்கள். ஃபிபாவின் வரியைக் 'கடிப்பாள்' வரை அவர் குரல் மாறாமல் வாசித்தபோது யாரோ சிரித்தார்கள், உடனே வாயைப் பொத்தினார்கள். "சிரிக்கலாம், சிரிக்கலாம், அவள் என்ர ஆள்" என்றார் டெஸ்மண்ட் அண்ணை. மொத்தம் ஒன்பது நிமிடம்.

வாசித்து முடிந்ததும் மார்கரெட் அம்மா பேனாவோடு குடும்ப மரத்தடிக்குப் போனார். எட்மண்டின் மகன்களில் மூவர் அந்தக் காலத்தில் தோட்டத்தில் இருந்தவர்களாம். அவர்களில் ஒருவரிலிருந்து தோமஸுக்குக் கோடு போட வேண்டும் என்றார். ரூபர்ட் அதற்குள் திரும்பி வந்திருந்தார்.

"ஆதாரம் இல்லாமல் எங்கள் மரத்தில் யாரையும் சேர்க்க முடியாது, மார்கரெட்."

நான் சண்டைக்குத் தயாரானேன். எங்கள் ஒன்றுகூடலில் இதைவிடச் சின்ன விஷயத்துக்குக் கதிரை பறந்திருக்கிறது. ஆனால் டெஸ்மண்ட் அண்ணை அவர் பக்கம் தலையாட்டினார்.

"அவர் சொல்லுறது சரி. எனக்கும் உங்கட மரத்திலை தொங்க விருப்பமில்லை. புதுத் தாள் இருக்கோ?"

சுவர்த்தாள் உருளையில் மிச்சம் இருந்தது. மல்லிகா பிடித்துக்கொள்ள, ரோல்ஸ் முதியவர் கத்தரிக்கோலால் வெட்டினார். டெஸ்மண்ட் அண்ணை தரையில் முழங்காலிட்டு, உச்சியில் பெரிய எழுத்தில் 'ஃபிபா' என்று எழுதினார். தகப்பனுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டார். கீழே தோமஸ், அவன் பிள்ளைகள் என்று தனக்குத் தெரிந்தவரை எழுதிக்கொண்டே வந்து, தன் பெயரையும் மகளின் பெயரையும் எழுதினார். பிறகு அந்தத் தாளைப் படமெடுத்து மகளுக்கு அனுப்பினார். அரை நிமிடத்தில் அழைப்பு வந்தது. அவர் தரையில் இருந்தபடியே பேசினார். "ஓம் பிள்ளை, கடிச்சவள்தான். ஓம், எழுதியே கிடக்கு" என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது.

2.50க்குப் புறப்பட்டோம். மார்கரெட் அம்மா அலுமினியத் தட்டைக் கழுவித் துடைத்து, பட்டியலின் முழு நகலையும் அதன்மேல் வைத்துத் தந்தார். ரூபர்ட் எங்களிடம் வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். ரோல்ஸ் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டார். மல்லிகா சொல்லவில்லை.

இப்படியொரு பயணம் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. பழைய நினைவுக்கற்களைப் பார்க்கத் தேவாலயங்களில் பெரும்பாலும் கட்டணம் இல்லை, ஆனால் எல்லா நாளும் திறந்திருக்காது, முன்கூட்டிக் கேளுங்கள். மண்டபத்தில் கழிவறை ஒன்றே ஒன்று, வரிசை நீளம். பழைய பட்டியல்களைக் கையால் தொடாதீர்கள், பென்சில் கொண்டுபோங்கள். படத்தில் யார் நிற்கிறார்கள், யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். உங்களுக்குச் சம்பந்தமில்லாத குடும்பம் என்று நம்பிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

அடுத்த நாள் ஞாயிறு காலை, பேனாவும் கொப்பியும் எடுத்துக்கொண்டு மல்லிகாவுக்கு முன்னால் இருந்தேன். அவளுடைய பூட்டன் பூட்டிமாரின் பெயர்களை இருபத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டேன். அவளுக்கு ஒரு பெயர்தான் தெரிந்தது. மீதியை அண்ணனிடம் கேளுங்கள் என்று ஹட்டனுக்குப் போன் போட்டுத் தந்தாள்.

மச்சானிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"ஏன் மாப்ள, அப்போ பறிச்சுட்டுக் கேட்ட மாதிரி, மறுபடியும் பிரஜாவுரிமைக்குப் பாட்டன் பூட்டன் பேரெல்லாம் கேக்குறாங்களா?"

"இல்லை மச்சான். ஒருத்தரும் கேக்கேல்லை. நான்தான் கேக்கிறன்."

"நீங்களா?"

"ஓம்."

மச்சான் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"சரி, எழுதிக்குங்க. பேச்சியம்மா. அவங்க வீட்டுக்காரர் கருப்பையா. அவரோட தங்கச்சி ராக்காயி, கப்பல்லேருந்து இறங்கி மலைக்கு நடந்து வர்ற வழியிலேயே செத்துப்போச்சு. அதையும் எழுதிக்குங்க மாப்ள, விட்டுறாதீங்க."